கிரகணம் செய்த குற்றமா?

 

இரண்டு மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சிக்கு லேசான ஒரு தலைப்பு வைத்தேன். 'கர்ப்பமாக இருந்தபோது உங்கள் வீட்டில் எதையெல்லாம் செய்யாதே என்றார்கள்?' லைன் நிரம்பி வழிந்தது. பப்பாளி தொடாதே, அன்னாசி பக்கமே போகாதே, நண்டு சாப்பிட்டால் பிள்ளை கிள்ளும், சாயங்காலம் தலை விரித்துப் போட்டு வாசலில் நிற்காதே. பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி, தனக்கு டுரியானைக் கண்ணிலேயே காட்டவில்லை என்று இன்றைக்கும் கோபமாகச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

கடைசியாக வந்த அழைப்பில் ஒரு பெண் குரல். "அக்கா, ஆன் ஏர்ல போட வேண்டாம். தனியா பேசணும்."

நிகழ்ச்சி முடிந்ததும் கூப்பிட்டேன். அவர் சொன்னதை, அவர் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26. கங்கண சூரிய கிரகணம் வந்த நாள். சிங்கப்பூரில் முழு வளையமாகத் தெரிந்தது, நம் பினாங்கில் பகுதி கிரகணம். பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தங்கச்சி அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்தில் இருக்கும் கேண்டீனுக்கு நடந்து போனார். இரண்டு நிமிட நடை. சாயங்காலம் வீட்டில் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார். மாமியார் முகம் மாறிவிட்டது.

2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், பையன் பிறந்தான். கண்ணைத் திறந்தபோது கறுப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கண்மணியைச் சுற்றி நமக்கெல்லாம் பழுப்பாக இருக்குமே ஒரு நிற வட்டம், வெளிச்சத்துக்குத் தக்கபடி சுருங்கி விரியுமே, அது இல்லை. டாக்டர்கள் அதற்கு 'அனிரிடியா' என்று பெயர் சொன்னார்கள். உறவினர்கள் வேறு காரணம் சொன்னார்கள். "அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?"

ஐந்து வருடங்களாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒருவர் அதை ஞாபகப்படுத்திவிடுகிறார்களாம். கடைசியாக அவர் கேட்ட கேள்வி இது: "நான்தான் என் பிள்ளை கண்ணைக் கெடுத்துட்டேனா அக்கா?"

'சே சே, அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அப்படி அவருக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்குப் போதவில்லை. கிரகணம் இல்லை என்றால் வேறு என்ன? அந்த இடம் காலியாக இருக்கிறவரை பழி போய் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கும். நான் படித்தது ஊடகவியல். அறிவியல் எஸ்.பி.எம்.மோடு சரி. ஆனாலும் பதிலோடு திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தேடிப் போனால், பதில் தொடங்கிய இடம் கடல்.

தெலுக் பஹாங் கரையில்

பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் காலையில் நடப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மணலில் ஜெல்லிமீன் ஒதுங்கிக் கிடக்கும். மலாய்க்காரர்கள் ஒபோர்-ஒபோர் என்பார்கள். தமிழ்நாட்டு மீனவர்கள் சொறி என்பார்கள். (பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: அது செத்துக் கிடந்தாலும் தொடக்கூடாது. கொட்டும் செல்கள் அப்போதும் வேலை செய்யும்.) தெலுக் பஹாங்கிலிருந்து படகில் போனால் தேசியப் பூங்காவுக்குள் தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. இந்த ஜெல்லிமீன்களை ஆராய்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஜெல்லிமீனுக்கு மூளை இல்லை, எலும்பு இல்லை, இதயம் இல்லை. ஆனால் பெட்டி ஜெல்லிமீன் என்ற வகைக்குக் கண் உண்டு. ஒன்று இரண்டு இல்லை, 24! உடம்பின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஆறு. அவற்றில் சிலவற்றில் நம் கண்ணில் இருப்பதுபோல லென்ஸ்கூட உண்டு. அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு நடுவே, சுண்டுவிரல் நகமளவே உள்ள ஒரு பெட்டி ஜெல்லிமீன், அந்தக் கண்களால் வேர்களைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நீந்துகிறது.

அதன் கண்ணுக்கும் அந்தத் தங்கச்சி மகனின் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பின்னால் ஒரே குடும்பத்து மரபணு இருக்கிறது.

சிவப்பு விளக்கு

எங்கள் ஸ்டூடியோவில் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிந்தால் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். விளக்குக்குப் பாடத் தெரியாது, செய்தி வாசிக்கத் தெரியாது. ஆனால் அது எரிந்ததும் நான் பேசத் தொடங்குவேன், தொழில்நுட்பர் ஒலியைக் கூட்டுவார், வெளியே நிற்பவர்கள் வாயை மூடுவார்கள்.

நம் உடம்பில் உள்ள சுமார் 20,000 மரபணுக்களில் சில இப்படிப்பட்ட விளக்குகள். அவை கண்ணையோ காலையோ நேரடியாகச் செய்வதில்லை. கரு வளரும்போது 'இங்கே கண் வேலை தொடங்கட்டும்', 'இது தலைப்பக்கம், அது வால்பக்கம்' என்று மற்ற மரபணுக்களுக்கு உத்தரவு போடுகின்றன. இவற்றை வளர்ச்சி மரபணுக்கள் என்கிறார்கள். கண் வேலையைத் தொடங்கிவைக்கும் விளக்குக்கு 'பேக்ஸ்-6' என்று பெயர்.

பழத்தட்டைச் சுற்றிப் பறக்கும் சின்ன ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மரபணு கெட்டால் கண் இல்லாமல் பிறக்கும் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே தெரியும். 1994இல் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது ஆச்சரியம்: அது மனிதனிடமும் எலியிடமும் இருக்கும் அதே பேக்ஸ்-6. அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங் குழுவினர் அந்த மரபணுவை ஈயின் உடம்பில் வேறு இடங்களில் வேலை செய்ய வைத்தார்கள். ஈயின் காலில் கண் முளைத்தது, இறக்கையில் கண் முளைத்தது. பிறகு எலியின் மரபணுவை ஈக்குள் வைத்தார்கள். அப்போதும் கண் வந்தது. எலிக்கண் வரவில்லை, ஈக்கண்தான் வந்தது! விளக்கு எலியுடையது, நிகழ்ச்சி ஈயினுடையது.

2003இல் இதே சோதனையைப் பெட்டி ஜெல்லிமீனின் மரபணுவை வைத்துச் செய்தார்கள். அதனிடம் இருப்பது பேக்ஸ்-6இன் பழைய உறவு, 'பேக்ஸ்-பி'. அதை ஈக்குள் வைத்தபோதும் சின்னச் சின்னக் கண்கள் முளைத்தன.

ஜெல்லிமீனின் பரம்பரையும் நம் பரம்பரையும் பிரிந்து 60 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்கிறார்கள். நம் கொடிமலையின் கருங்கல்லுக்கே சுமார் 20 கோடி ஆண்டுதான் வயது. அதாவது, நாம் ரயிலேறிப் போய் வேடிக்கை பார்க்கிற அந்த மலை உருவாவதற்கும் முன்பே, அதன் வயதைப் போல இரண்டு மடங்கு காலமாக இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணே இல்லாதவரிடம்

இன்னும் பின்னால் போனால் என்ன இருக்கும்? இங்கேதான் எனக்குப் பிடித்த உயிர் வருகிறது.

1883இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஏதோ ஊர்வதைப் பிரான்ஸ் எய்ல்ஹார்ட் ஷூல்ட்சே என்ற விலங்கியலாளர் பார்த்தார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம். தோசை மாதிரித் தட்டை. முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை, கண் இல்லை. சாப்பாட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டு, அடிப்பக்கத்தாலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளை பெற வேண்டும் என்றால் இரண்டாகப் பிய்ந்துகொள்ளும். அதற்கு ட்ரைகோபிளாக்ஸ் என்று பெயர் வைத்தார். நம்மைப் போன்ற வெப்பநாட்டுக் கடல்களில் இந்த இனத்தார் நிறைய.

விலங்கு என்று சொல்லவே யோசிக்க வேண்டிய இந்த உயிரின் மொத்த மரபணுத் தொகுதியையும் 2008இல் படித்து முடித்தார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மான்சி ஸ்ரீவாஸ்தவா. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று படித்தவர். அப்போது கலிபோர்னியாவில் ஆய்வு மாணவி, இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள்.

அவர்கள் கண்டது என்ன? அந்தத் தோசைக்குள் சுமார் 11,500 மரபணுக்கள். நம்மிடம் இருப்பதில் பாதிக்கும் மேல்! அவற்றுள் உடம்பின் அமைப்பை முடிவு செய்யும் விளக்கு மரபணுக்கள் பலவும் இருந்தன. கண்ணில்லாத அதனிடம் பேக்ஸ்-பி இருந்தது. தலையும் வாலும் இல்லாத அதனிடம், நமக்குத் தலை எது வால் எது என்று வரிசை போடும் ஹாக்ஸ் மரபணுக்களின் சொந்தக்காரர் ஒருவரும் இருந்தார். அந்த ஒன்றைச் செயல்படாமல் தடுத்துப் பார்த்தபோது ட்ரைகோபிளாக்ஸ் வளர்வதை நிறுத்தியது, பிய்ந்து பெருகுவதையும் நிறுத்தியது.

கண்ணே இல்லாத வீட்டில் கண் விளக்குக்கு என்ன வேலை? அந்த மரபணு கண்ணுக்காகவே பிறந்ததில்லை என்பதுதான் இதன் பாடம். வேறு ஏதோ சின்ன வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு வந்த உயிர்கள் அதையே எடுத்துக் கண் செய்யப் பயன்படுத்திக்கொண்டன. நம் பாட்டிமார் மைலோ டின்னில் அரிசி போட்டு வைத்த மாதிரி. இயற்கை புதிதாக வாங்குவது குறைவு. இருப்பதை வைத்துச் சமாளிக்கும்.

துணியில் பிழிந்த கடற்பஞ்சு

கடற்பஞ்சும் ஒரு விலங்குதான். 1907இல் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்கர் ஒரு வேலை செய்தார். நாம் தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி, உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தார். அது தனித்தனிச் செல்களாகத் தண்ணீரில் விழுந்தது. அந்தச் செல்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டி, மறுபடியும் கடற்பஞ்சாக வளர்ந்தன. தனித்தனியாக இருந்த செல்கள் ஓர் உடம்பாகச் சேர்ந்து வாழக் கற்றதுதான் விலங்குகளின் தொடக்கம் என்றால், அந்தப் பாடம் கடற்பஞ்சுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் வாழும் ஒரு கடற்பஞ்சின் மரபணுத் தொகுதி 2010இல் வெளியானது. அதற்கும் மான்சிதான் முதல் ஆசிரியர். கடற்பஞ்சுக்கு நரம்பே கிடையாது. ஆனால் நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளைக் கட்டத் தேவையான மரபணுக்கள் பல அதனிடம் உண்டு. சிமெண்டும் செங்கல்லும் வந்து இறங்கிவிட்டன, வீடுதான் இன்னும் கட்டவில்லை.

கடல் அனிமோன் தெரியுமா? பாறையில் ஒட்டிக்கொண்டு சாமந்திப் பூ மாதிரி விரிந்திருக்கும். ஜெல்லிமீனின் நெருங்கிய உறவு. பார்க்க வட்டமாக, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் நமக்கு முதுகு வயிறு என்று பிரித்துக் காட்டும் மரபணுவும், ஹாக்ஸ் மரபணுக்களும் அதன் கருவில் வெவ்வேறு பகுதிகளில் வேலை செய்வதை 2004இல் காட்டினார்கள். 2007இல் எண்ணியபோது அதனிடம் இருந்த மரபணுக்கள் சுமார் 18,000. பூ மாதிரி உட்கார்ந்திருக்கும் அதற்கும், 'நான் யார் தெரியுமா' என்று மார்தட்டும் நமக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்!

விலங்குகளின் குடும்ப மரத்தில் முதலில் கிளை பிரிந்தது யார் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சொத்துத் தகராறு மாதிரி ஒரு வழக்கு ஓடுகிறது. நெடுங்காலம் கடற்பஞ்சுதான் என்றார்கள். 2013இல் சீப்பு ஜெல்லி என்ற வேறொரு கண்ணாடி உயிரின் மரபணுத் தொகுதி வந்தபோது, அதுதான் முதல் என்று ஒரு கட்சி கிளம்பியது. 2023இல் மரபணுக்கள் குரோமோசோம்களில் எப்படிக் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்ட ஆய்வு ஒன்று சீப்பு ஜெல்லி பக்கம் சாய்ந்தது. கடற்பஞ்சுக் கட்சியும் விட்டுக்கொடுக்கவில்லை.

தங்கச்சிக்குப் பதில்

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். சந்திக்கலாம் என்றார். தெலுக் பஹாங்கில் ஒரு ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். பையன் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மைலோ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தான்.

அவர் ஒரு கோப்பு கொண்டுவந்திருந்தார். பையனின் ரத்தத்தில் செய்த மரபணுப் பரிசோதனை முடிவு அதில் இருந்தது. மூன்று வருடங்களாக வீட்டில்தான் இருந்திருக்கிறது. பேக்ஸ்-6 என்ற பெயர் அதில் தெளிவாக இருந்தது. அவருக்கும் கணவருக்கும் அந்த மாற்றம் இல்லை என்றும் இருந்தது.

நான் புரிந்துகொண்டதை இப்படிச் சொன்னேன். பேக்ஸ்-6 நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கண் முழுமையாக உருவாக இரண்டும் வேலை செய்ய வேண்டும். ஒன்று பழுதானால் அனிரிடியா வரும். மனிதரில் இந்தத் தொடர்பை 1991 வாக்கில் கண்டுபிடித்தார்கள். 40,000 முதல் ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தாய் அல்லது தகப்பனிடமிருந்து வருகிறது. மிச்சம் ஒரு பங்கு பேருக்குப் புதிதாக ஏற்படும் எழுத்துப் பிழை. விந்தும் முட்டையும் உருவாகும்போது 300 கோடி எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். நம் ஒவ்வொருவருக்குள்ளும் அப்பா அம்மாவிடம் இல்லாத புதிய பிழைகள் சில டஜன் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. எப்போதாவது ஒன்று முக்கியமான இடத்தில் விழுந்துவிடுகிறது.

"இது ரத்தத்துல பார்த்த டெஸ்ட்தானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். "கிரகணம் கண்ணைக் கெடுத்திருந்தா, அந்தப் பிழை எப்படி ரத்தத்துக்கு வந்தது? பையன் ஒரே ஒரு செல்லாக இருந்தப்பவே அது இருந்திருக்கணும். அதனாலதான் உடம்பு பூரா இருக்கு. நீங்க கேண்டீனுக்கு நடந்து போனது அஞ்சாவது மாசம். கண் உருவாகத் தொடங்குறதே முதல் மாசத்துல."

அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். அன்றைய கிரகணம் கேரளா, தமிழ்நாடு, யாழ்ப்பாணம், சுமத்திரா, சிங்கப்பூர் என்று போனது. அந்த வழியில் அன்று எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள் வாசலைத் தாண்டியிருப்பார்கள்! கிரகணத்துக்கு அந்தச் சக்தி இருந்திருந்தால் 2020இல் இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் தொப்பி போட்ட பிள்ளைகள் நிறைந்திருக்க வேண்டும்.

"அப்போ யார் மேலதான் தப்பு?" என்றார்.

"யார் மேலயும் இல்ல. 60 கோடி வருஷமா கைமாறி கைமாறி எழுதிக்கிட்டு வர்ற நோட்டு. ஒரு எழுத்து மாறிப்போச்சு. அவ்வளவுதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை என் மாமியார்கிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்றார். அதனால்தான் இந்த வாரக் கட்டுரை. அம்மா, நீங்கள் ஞாயிறு தவறாமல் இந்த இதழைப் படிப்பீர்களாம். உங்கள் மேல் கோபமில்லை. பேரன் மேல் உள்ள பாசத்தில் காரணம் தேடினீர்கள். காரணம் இதுதான்.

மற்ற வாசகர்களுக்கும் சில வார்த்தைகள். இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும். கண் அழுத்தம் கூடும் அபாயம் உண்டு. மரபணு மாற்றத்தின் வகையைப் பொறுத்துச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும். அதனால் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிப்பவர்கள் டாக்டரிடம் மரபணு ஆலோசனைக்கு வழி கேளுங்கள். பெற்றோரிடம் அந்த மாற்றம் இல்லையென்றால் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

கையில் ஒரு மருத்துவ அறிக்கை இருந்தால், 'புரியவில்லை, விளக்குங்கள்' என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்தத் தங்கச்சியின் பதில் மூன்று வருடங்களாக அலமாரியில்தான் இருந்தது.

கிளம்பும்போது கரையில் ஒரு ஒபோர்-ஒபோர் ஒதுங்கியிருந்தது. பையன் முட்டிபோட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். அம்மா "தொடாதே" என்றார்.

"தொடலம்மா. பாக்கத்தான் பாக்குறேன்."

அடுத்த வாரம் சந்திப்போம்.